எஜமானியம்மாளின் கையொப்பம்

இன ஒதுக்கலைத் தன் அரசியல் தர்மமாகவே பிரகடனம் செய்து ஆண்ட தென்னாப்பிரிக்காவில், வெள்ளையர் வீட்டுச் சமையற்கட்டில் வேலை செய்த ஆப்பிரிக்கப் பெண் மாதத்துக்கு ஒரு தடவை நகரத்தில் இருப்பதற்கான அனுமதிச் சீட்டாகிய தன்னுடைய பாஸ் புத்தகத்தை எஜமானியம்மாளிடம் நீட்டுவதும், அந்த அம்மாள் செய்துகொண்டிருந்த காரியத்தைச் சற்றே நிறுத்திப் பேனாவை எடுத்து, அதற்கென்று ஒதுக்கியிருந்த கட்டத்தில் கையொப்பமிட்டுத் திருப்பிக் கொடுப்பதும், சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதைப் போல எவருடைய மனத்தையும் உறுத்தாமல் நடந்துவந்த வீட்டு வழக்கங்களில் ஒன்று. அந்த ஒப்பம் ஒரு மாதம் விடுபட்டுப் போனால், தெருவிலே போலீஸ்காரன் கையை நீட்டிப் புத்தகத்தைக் கேட்கும் வேளையில் அந்தப் பெண் குற்றவாளி. லாரியில் ஏற்றப்பட்டு, பாஸ் நீதிமன்றத்தில் சில நிமிஷங்களுக்குள் விசாரிக்கப்பட்டு, அபராதம் கட்ட வழியில்லையேல் சிறைக்கோ, தான் பிறந்தேயிராத ஏதோ ஒரு வறண்ட பிரதேசத்தை ‘தாயகம்’ என்று சர்க்கார் பெயர் சூட்டியிருந்தால் அங்கேயோ அவள் அனுப்பப்படுவாள். 1916 முதல் 1984 வரையில் பாஸ் சட்டங்களின் கீழ்ப் பிடிபட்டவர்களின் தொகை 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேல். இத்தனை பேரைக் கண்காணிக்க எந்த அரசாங்கத்திடமும் போதுமான உத்தியோகஸ்தர்கள் இருக்க முடியாது. ஆகவே அந்த உத்தியோகத்தில் ஒரு பகுதியைச் சம்பளமில்லாமல் இல்லத்தரசிகள் பார்த்தார்கள்.

அந்த அம்மாளைக் கொடியவள் என்று சொல்ல நான் வரவில்லை. பழைய துணிகளை எடுத்துக் கொடுத்திருப்பாள். காய்ச்சல் வந்தால் மருந்துக்குப் பணம் தந்திருப்பாள். வேலைக்காரியின் மகனுடைய பள்ளிக்கூடச் செலவைக்கூட ஏற்றுக்கொண்டிருப்பாள். அந்த மகன் எங்கோ நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் பாட்டியிடம் வளர, அவனைப் பெற்றவள் இங்கே வெள்ளைக் குழந்தையைத் தோளில் போட்டுத் தாலாட்டினாள் என்பதையும், கொல்லைப்புறத்தில் அவளுக்கென்று கட்டியிருந்த ஒற்றை அறையில் அவளுடைய சொந்தப் புருஷன் ஓர் இரவு தங்கினாலும் அது சட்டவிரோதம், அதற்காக நள்ளிரவில் கதவு தட்டப்படக்கூடும் என்பதையும் எஜமானியம்மாள் நன்றாகவே அறிவாள். அறிந்தும், இவை மழையையும் வெயிலையும் போலத் தன் இச்சைக்கு அப்பாற்பட்டவை என்று அவள் நினைத்தாள். தன்னுடைய கையொப்பமும் அந்த ஏற்பாட்டின் ஓர் அங்கம் என்று அவளுக்குத் தோன்றாமலிருந்ததே அந்த ஏற்பாட்டின் சாமர்த்தியம்.

இன ஒதுக்கல் மாளிகையைக் கட்டியவர்களைப் பற்றி, மலான், ஸ்ட்ரேடம், வெர்வூர்டு என்ற பிரதமர்களைப் பற்றி, வேண்டிய மட்டும் எழுதியாகிவிட்டது. அந்த மாளிகையில் வசதியாகக் குடியிருந்தவர்களைப் பற்றியும், அவர்களுடைய மனம் எப்போது, எதனால், எவ்வளவு தூரம் மாறிற்று என்பதைப் பற்றியுமே இங்கே பேச விரும்புகிறேன்.

1948-ஆம் வருஷத் தேர்தலில் டாக்டர் மலானின் தேசியக் கட்சியும் அதன் தோழமைக் கட்சியும் சேர்ந்து 79 இடங்களைப் பிடித்து ஆட்சிக்கு வந்தபோது, அதுவரை ஆண்ட ஜெனரல் ஸ்மட்ஸின் கட்சியே அதிகமான வோட்டுகளைப் பெற்றிருந்தது. கிராமப்புறத் தொகுதிகளுக்குச் சட்டம் அளித்திருந்த சலுகை அந்த முடிவைப் புரட்டிற்று. இதைச் சுட்டிக்காட்டி, வெள்ளைச் சமூகத்தில் பாதிப்பேருக்கு மேல் இந்தக் கொள்கையை விரும்பவே இல்லை என்று வாதிப்பவர்கள் உண்டு. ஆனால் அடுத்தடுத்து வந்த தேர்தல்களைப் பார்க்கும்போது அந்த வாதம் நிற்பதில்லை. 1960-ஆம் வருஷம் மார்ச்சு 21-ந் தேதி ஷார்ப்வில்லில், பாஸ் புத்தகம் இல்லாமல் வந்திருக்கிறோம், எங்களைக் கைது செய்யுங்கள் என்று போலீஸ் நிலையத்தின் முன் கூடிய ஜனங்கள்மீது போலீஸார் துப்பாக்கிப் பிரயோகம் செய்து 69 பேரைக் கொன்ற பின்பு, அக்டோபர் மாதத்தில் நடந்த வெள்ளையர் வாக்கெடுப்பில் வெர்வூர்டு கேட்ட குடியரசுக்கு 52 சதவீதத்தினர் சம்மதம் தெரிவித்தார்கள். 1976-ல் சோவெட்டோவில் பள்ளிச் சிறுவர்கள் சுடப்பட்டு, 1977 செப்டம்பரில் ஆப்பிரிக்கத் தலைவர் ஸ்டீவ் பிக்கோ போலீஸ் காவலில் மாண்டு, அந்தச் செய்தி உலகப் பத்திரிகைகளின் முதற் பக்கங்களில் வெளியாகி மூன்று மாதம் ஆவதற்குள் நடந்த தேர்தலில், 165 இடங்களில் 134 இடங்கள் தேசியக் கட்சிக்குக் கிடைத்தன. அதுவரையில் அக்கட்சி கண்டிராத வெற்றி அது. அந்த வோட்டுகள் டச்சு வம்சத்து ஆப்பிரிக்கானர்களுடையவை மட்டுமல்ல. ‘இதெல்லாம் அவர்கள் செய்யும் காரியம்’ என்று விருந்துகளில் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்த ஆங்கிலம் பேசும் கனவான்கள் பலரும் வோட்டுச் சாவடித் திரைக்குப் பின்னால் வேறுவிதமாக நடந்துகொண்டார்கள். வாயால் கண்டிப்பதற்கு ஒரு கட்சியும், வீட்டைக் காப்பதற்கு ஒரு கட்சியும் வைத்துக்கொள்ளும் சௌகரியம் அவர்களுக்கு இருந்தது.

பயம் ஒருபுறம், லாபம் ஒருபுறம். 1932-ல் கார்னெகி கமிஷன் வெள்ளைச் சமூகத்திலேயே சுமார் 3 லட்சம் பேர் பரம தரித்திரர்களாக இருக்கிறார்கள் என்று கணக்கிட்டது. வறட்சியினாலும் கடனாலும் நிலத்தை இழந்து நகரத்துக்கு வந்து, ஆப்பிரிக்கத் தொழிலாளியோடு ஒரே வரிசையில் நின்று கூலி வேலை கேட்க நேர்ந்த அந்த ஆப்பிரிக்கானருக்கு ரயில்வேயிலும் தபால் இலாகாவிலும் இரும்பாலையிலும் வேலை கொடுத்து, அவர் பிள்ளைகளைப் படிக்கவைத்து, ஒரே தலைமுறைக்குள் வீடும் மோட்டாருமாக உயர்த்திவிட்டது அரசாங்கம். அந்த உயர்வு யாரைக் கீழே தள்ளிக் கிடைத்தது என்று விசாரிக்க அந்தக் குடும்பத்துக்கு விருப்பம் இருந்திருக்குமா? பசியை நேரில் கண்ட தகப்பன் அதைக் கேட்கத் துணியமாட்டான்; அதைக் காணாத மகனுக்கோ கேட்பதற்கு ஒன்றும் இருப்பதாகவே தெரியாது.

சாமானியர்களுடைய பங்கு எத்தனை ஆழமானது என்பதை 1950-ஆம் வருஷத்து ஜனத்தொகைப் பதிவுச் சட்டத்தைப் போல வேறெதுவும் காட்டுவதில்லை. ஒவ்வொரு பிரஜையையும் பிறப்பிலேயே ஓர் இனத்தில் பதிய வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆனால் யார் வெள்ளையர்? ரத்தத்தைக் கொண்டு தீர்மானிப்பதானால் ஆளும் வர்க்கத்திலேயே எத்தனையோ குடும்பங்களின் வம்சாவளி ஆட்டம் கண்டுவிடும். முந்நூறு வருஷக் கலப்பு அந்த மண்ணில் இருந்தது. ஆகவே, தோற்றத்தால் வெள்ளையராகத் தெரிபவரும், வெள்ளையரென்று பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டவரும் வெள்ளையர் என்று சட்டம் வகுத்தார்கள். பொதுவாக ஏற்றுக்கொள்பவர் யார்? பக்கத்து வீட்டுக்காரர், பள்ளி ஆசிரியர், கடைக்காரர், தேவாலயத்தில் அடுத்த பெஞ்சியில் உட்காருபவர். சட்டமே நீதிபதியின் ஆசனத்தை அண்டை வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டது. தலைமுடிக்குள் பென்சிலைச் செருகி அது நழுவி விழுகிறதா, நிற்கிறதா என்று பார்த்து மனிதனுடைய ஜாதகத்தை எழுதிய உத்தியோகஸ்தர்களை உலகம் எள்ளி நகையாடியது. அவர்களிடம் விஷயத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்த அயலார்களை அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

1966-ல் பீட் ரெட்டீஃப் என்ற சிற்றூரின் வெள்ளையர் பள்ளியிலிருந்து பத்து வயதுச் சிறுமி ஒருத்தியைப் போலீஸார் வந்து அழைத்துப்போனார்கள். அவளுடைய தாய் தந்தையர் இருவரும் வெள்ளையர், அதுவும் தேசியக் கட்சிக்கு வோட்டளித்துவந்தவர்கள். எந்த முன்னோரின் சாயலோ அந்தக் குழந்தையின் மேனியிலும் கேசத்திலும் வந்து இறங்கியிருந்தது. அவளை வெளியே தள்ளவேண்டும் என்று முறையிட்டவர்கள் மந்திரிகளல்லர். கூடப் படித்த பிள்ளைகளின் பெற்றோர்களும் பள்ளியை நடத்தியவர்களுமே. சர்க்கார் அவளைக் கலப்பினத்தாள் என்று மாற்றிப் பதிந்தது. மறு வருஷமே சட்டத்தைத் திருத்தி மறுபடி வெள்ளைக்காரியாக்கியது. அதற்குப் பின்னும் ஊரார் அவளை ஏற்றுக்கொள்ளவில்லை. சட்டம் இளகியபோது இளகாமல் நின்றது சமூகம் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் சட்டத்துக்குப் பயந்தே நடந்தோம் என்று பின்னாளில் சொன்னவர்கள் பலர்.

மதம் என்ன செய்தது? 1829-ல் கேப் பகுதியின் டச்சு சீர்திருத்தச் சபை, ஆண்டவனின் பந்தியில் நிறபேதம் பாராட்டலாகாது என்று தீர்மானித்திருந்தது. 1857-ல் அதே சபை, வேதவாக்கியப்படி எல்லோரும் ஒன்றாகவே வழிபடுவது உசிதம், ஆனால் சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு வெவ்வேறு கட்டிடங்களில் வழிபாடு நடத்தலாம் என்று இளகிக் கொடுத்தது. அந்தச் சிலருடைய பலவீனம் நூறு வருஷத்தில் அனைவருடைய சித்தாந்தமாயிற்று. முதலில் சலுகை, பிறகு பழக்கம், பிறகு முறை, கடைசியில் தெய்வ சங்கற்பம். சாமானியர்களுடைய அசூயைக்கு மரியாதையான சபை ஒன்று இடம் கொடுத்தால் அது எங்கே போய் முடியும் என்பதற்கு இதைக் காட்டிலும் தெளிவான சரித்திரச் சான்று எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சபையின் உள்ளேயிருந்தே எழுந்து வந்தவர் பையர்ஸ் நோடே. அவருடைய தகப்பனார், ஆப்பிரிக்கானர் சமூகத்தின் திரைமறைவு அதிகார பீடமான ‘சகோதர சங்க’த்தின் ஸ்தாபகர்களில் ஒருவர், நோடேயும் தமது இருபத்தைந்தாவது வயதிலேயே அதில் அங்கத்தினரானவர். இருபது வருஷத்துக்கு மேல் பாதிரியாராகப் பிரசங்கம் செய்துகொண்டு, ஏதோ சரியில்லை என்ற எண்ணம் எழும்போதெல்லாம் அதை அடக்கிக்கொண்டு, சபையில் மேலும் மேலும் உயர்ந்த அந்த மனிதரைப் புத்தகங்கள் மட்டும் மாற்றவில்லை. ஆப்பிரிக்கர்களிடையே ஊழியம் செய்த இளம் பாதிரிமார்கள் அவரை அழைத்துப் போய்த் தங்கள் ஜனங்களின் வாழ்க்கையைக் காட்டினார்கள். கண்டபின் அவரால் காணாததுபோல் இருக்க முடியவில்லை. ஷார்ப்வில் படுகொலையை அடுத்து, 1960 டிசம்பரில் காட்டஸ்லோவில் கூடிய சபைகளின் மகாநாடு இன ஒதுக்கலை வேதம் ஆதரிக்கவில்லை என்று மென்மையாகச் சொன்னது, வெர்வூர்டு அதட்டியதும் டச்சு சீர்திருத்தச் சபை பின்வாங்கியது, நோடே பின்வாங்கவில்லை. 1963-ல் தமது பெரிய சபையின் பிரசங்க பீடத்தைத் துறந்தார். அதன்பின் அவருடைய ஜனங்களே அவரைப் பகிஷ்கரித்தார்கள். 1977 முதல் ஏழு வருஷம் அரசாங்கத் தடையுத்தரவின் கீழ் வாழ்ந்தார். இவரை மகானாக்கிப் பூஜிப்பதில் எனக்கு அவ்வளவு உற்சாகமில்லை. நாற்பத்தைந்து வயது வரையில் அந்த ஏற்பாட்டின் உயர்ந்த படிகளில் நின்றவர் என்பதே அவருடைய சரித்திரத்தில் நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்க பகுதி.

எங்களுக்குத் தெரியாது என்ற பதிலைப் பிற்காலத்தில் எத்தனையோ வெள்ளையர் சொன்னார்கள். ஓரளவுக்கு அதில் உண்மை உண்டு. ஆப்பிரிக்கர் குடியிருப்புகள் நகரத்துக்கு வெகு தூரத்தில் அமைக்கப்பட்டன. வெள்ளையருக்கு அங்கே போக அனுமதிச் சீட்டு வேண்டும். பணக்காரத் தேசமாக இருந்தும் 1976 வரையில் டெலிவிஷனை உள்ளே விடவில்லை. ஆனாலும் ‘ராண்ட் டெய்லி மெயில்’ என்ற தினசரி நாள்தோறும் வெளிவந்துகொண்டுதானிருந்தது. சிறைச்சாலைகளின் கொடுமைகளை 1965-ல் அது அம்பலப்படுத்தியது. அதற்காக ஆசிரியரையும் நிருபரையும் நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். அந்தப் பத்திரிகை கடைசியில் 1985-ல் மூடப்பட்டபோது அதை மூடியது தணிக்கை அதிகாரியல்ல. அதன் வாசகர்களில் ஆப்பிரிக்கர் தொகை பெருகப் பெருக, வெள்ளை வாசகரைத் தேடிய விளம்பரதாரர்கள் விலகிப் போனார்கள், நஷ்டம் மிகுந்தது, முதலாளிகள் கதவைச் சாத்தினார்கள். தெரிந்துகொள்ளும் வாய்ப்பு மாதச் சந்தா விலையில் வாசற்படிக்கே வந்தது. அதை வேண்டாமென்றவர்கள் தெரியாது என்று சொல்வதை நியாயமான பதிலாக நான் ஏற்கமாட்டேன்.

மனம் மாறியவர்கள் எப்படி மாறினார்கள்? 1955-ல் ஜோஹானஸ்பர்க்கில் ஆறு சீமாட்டிகள் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது பிறந்தது பின்னாளில் ‘பிளாக் சாஷ்’ என்று பெயர்பெற்ற மாதர் சங்கம். கேப் பகுதியின் கலப்பினத்தாருடைய வோட்டுரிமையைப் பறிப்பதற்காகச் செனட் சபையை அரசாங்கம் தன் ஆட்களால் நிரப்ப முயன்றதைக் கண்டித்து, அரசியல் சட்டம் செத்ததற்குத் துக்கம் காக்கும் பாவனையில், வெள்ளை உடையின் குறுக்கே கறுப்புப் பட்டை அணிந்து மந்திரிகள் போகும் வழியில் மௌனமாக நின்றார்கள். அப்போது அவர்கள் கவலை முழுவதும் சட்டத்தின் கௌரவத்தைப் பற்றியது. பாஸ் புத்தகத்தைப் பற்றி அவர்கள் அதிகம் யோசித்ததாகத் தெரியவில்லை, அவர்களுடைய வீடுகளிலும் கொல்லைப்புற அறைகள் இருந்தன. வோட்டுரிமை போயே போயிற்று; ஆரம்பத்தில் திரண்ட கூட்டமும் கலைந்தது. எஞ்சியவர்கள் கேப் டவுனில் 1958-ல் ஓர் ஆலோசனை நிலையம் திறந்தார்கள். பாஸ் சட்டத்தில் சிக்கியவர்கள் மேஜைக்கு எதிரே வரிசையாக உட்கார்ந்து தங்கள் கதையைச் சொல்ல, இவர்கள் குறித்துக்கொண்டு மனு எழுதினார்கள். பாஸ் நீதிமன்றங்களில் போய் உட்கார்ந்து, ஒரு மனுஷிக்கு எத்தனை நிமிஷ நீதி கிடைக்கிறது என்று கவனித்தார்கள். நகரத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் தங்கும் உரிமை யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்ற சட்ட நுணுக்கத்தை அந்தத் தேசத்திலே அவர்களைப் போலக் கற்றவர்கள் சிலரே. 1963-ல் எல்லா இனத்தாருக்கும் அங்கத்தினராகும் வாசலைத் திறந்தார்கள். 1990 பிப்ரவரியில் சிறையிலிருந்து வெளிவந்த அன்று கேப் டவுனில் பேசிய மண்டேலா, வெள்ளையரின் மனச்சாட்சியாக நின்றவர்கள் என்று அவர்களை நினைவுகூர்ந்தார்.

அவர்களை மாற்றியது வாதமல்ல, வேலை. ஒரே விதமான துயரத்தைத் தினந்தோறும் காது கொடுத்துக் கேட்டு அதற்கு மனு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தவர்களுக்கு, முதலில் சட்டத்தின்மேலும், பிறகு தங்கள் வாழ்க்கையின்மேலும் சந்தேகம் பிறந்தது. நல்லெண்ணம் மாத்திரம் உடையவர்கள் எங்கே நின்றார்கள் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1968-ல் பல இனத்தாரும் ஒரே கட்சியில் இருக்கலாகாது என்று சட்டம் வந்தபோது, நாவலாசிரியர் ஆலன் பேட்டனுடைய லிபரல் கட்சி பிளவுபட்டு வாழ்வதைவிடக் கலைந்துபோவதே மேல் என்று கலைந்துவிட்டது. முற்போக்குக் கட்சி வெள்ளையர் கட்சியாகவே தொடர்வது என்று முடிவு செய்தது. பின்னதன் பிரதிநிதியாக ஹெலன் சுஸ்மன் பதின்மூன்று வருஷம் தன்னந்தனியாகப் பாராளுமன்றத்தில் நின்று கேட்ட கேள்விகளால் எத்தனையோ உண்மைகள் ஏட்டிலேறின என்பதை யோசிக்கும்போது, எது சரியான முடிவு என்று என்னால் தீர்ப்புச் சொல்ல இயலவில்லை.

இவர்களெல்லாம் சிறுபான்மையோர். பெரும்பான்மை வெள்ளையருடைய மனமாற்றம் வேறு வழியில் வந்தது. குடியிருப்புகள் பற்றியெரிந்தன, 1985 ஆகஸ்டில் டர்பனில் பெரிய சீர்திருத்தத்தை எதிர்பார்த்த உலகத்தின்முன் ஜனாதிபதி போத்தா விரலை ஆட்டி வீறாப்புப் பேசினார், அமெரிக்க வங்கிகள் கடனைப் புதுப்பிக்க மறுத்தன, ராண்டு நாணயத்தின் மதிப்பு சரிந்தது. அடுத்த மாதமே, அந்நாள்வரை ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸைத் தீண்டத்தகாத கூட்டமாகக் கருதிய பெருமுதலாளிகள் விமானமேறி ஜாம்பியாவுக்குப் போய் அதன் தலைவர் ஆலிவர் டாம்போவுடன் பேசினார்கள். 1967 முதல் வெள்ளை வாலிபர் அனைவருக்கும் கட்டாயமாயிருந்த ராணுவ சேவை, அங்கோலா எல்லையிலிருந்து சவப்பெட்டிகளை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தது. 1986-ல் பாஸ் சட்டம் ரத்தாயிற்று. இந்த ரத்துக்காகப் பெரும்பான்மை வெள்ளையர் பிரார்த்தனை செய்திருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் ரத்தானபின் அதைத் திரும்பக் கொண்டுவா என்று கேட்டவர்களும் மிகச் சிலரே.

1992 மார்ச்சு 17-ந் தேதி ஜனாதிபதி டி கிளார்க் தம் சீர்திருத்தங்களைத் தொடரலாமா என்று வெள்ளையரிடம் மாத்திரம் கேட்ட வாக்கெடுப்பில் 68.7 சதவீதத்தினர் ஆம் என்றார்கள். பதினைந்து வட்டாரங்களில் பீட்டர்ஸ்பர்க் ஒன்றுதான் இல்லை என்றது. அதே நாட்களில் தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணி ஆஸ்திரேலியாவில் உலகக் கோப்பை ஆடிக்கொண்டிருந்தது. இருபத்தொரு வருஷ விலக்கத்துக்குப் பின் முந்திய நவம்பரில்தான் கல்கத்தா ஈடன் கார்டனில் அவர்களை நம்மவர் வரவேற்றிருந்தார்கள். வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முந்தி அடிலெய்டில் அவர்கள் இந்தியாவைத் தோற்கடித்தார்கள். இல்லை என்று தீர்ப்பானால் அணியைத் திரும்ப அழைக்க நேரிடும் என்ற பேச்சு அங்கே வீடுவீடாக இருந்தது. நாற்பத்துநான்கு வருஷ அநீதியைக் கைவிடத் துணிந்த வாக்காளனின் தராசில் நீதி எவ்வளவு, நாணய மதிப்பு எவ்வளவு, அரையிறுதி ஆட்டம் எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்க யாராலும் முடியாது. இதை ஏளனமாகச் சொல்லவில்லை. மனம் திருந்திய பிறகே சட்டம் மாறவேண்டும் என்று காத்திருந்திருந்தால் அந்த ஏற்பாடு இன்றும் நின்றுகொண்டிருக்கும். முதலில் சௌகரியம் குறைந்தது, பிறகு சட்டம் மாறிற்று, அதன் பின்னரே பலருக்கு அபிப்பிராயம் மாறிற்று. அபிப்பிராயம் மாறிய பின்னர் எப்போதும் அப்படித்தான் நினைத்துவந்ததாக அவர்கள் உண்மையாகவே நம்பலானார்கள். 1994-க்குப் பிறகு இன ஒதுக்கலுக்கு வோட்டளித்த வெள்ளையர் ஒருவரையேனும் காண முடியவில்லை என்று தென்னாப்பிரிக்கர்களே கேலி செய்துகொள்வதுண்டு.

பேராயர் டூட்டுவின் தலைமையில் அமைந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் சித்திரவதை செய்தவனையும் குண்டு வைத்தவனையும் கூப்பிட்டு விசாரித்தது. 1997-ல் சட்டத் துறையினரின் பங்கை விசாரித்தபோது நீதிபதிகள் எழுத்தில் தங்கள் கருத்தைத் தெரிவித்துவிட்டு நேரில் வர மறுத்தார்கள். பாஸ் சட்டத்தை நாள்தோறும் பிரயோகித்த நீதி ஸ்தாபனமே தன்னைச் சாட்சிக்கூண்டுக்கு அப்பாற்பட்டதாக வைத்துக்கொண்டது. அந்த வருஷ முடிவில் சாமானியர்கள் தங்கள் வருத்தத்தை எழுதி ஒப்பமிடுவதற்கென்று ஒரு பதிவேட்டையும் ஆணையம் திறந்து வைத்தது. மஹ்மூத் மம்தானி என்ற ஆப்பிரிக்க அறிஞர், குற்றம் புரிந்தவர்களைத் தேடிய ஆணையம் பயன் பெற்றவர்களைத் தேடவில்லை என்று குறை கூறினார். 1960-க்கும் 1983-க்கும் இடையில் வீடுகளிலிருந்து பெயர்க்கப்பட்ட சுமார் 35 லட்சம் பேரை எந்தத் தனிக் கொலையாளியும் பெயர்க்கவில்லை. கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸில் 60,000 பேர் குடியிருந்த வீதிகளை இடித்ததும், ஜோஹானஸ்பர்க்கின் சோஃபியாடவுனைத் தரைமட்டமாக்கி அங்கே வெள்ளையரைக் குடியேற்றி ‘வெற்றி’ என்று பொருள்படும் பெயரை அந்தப் பேட்டைக்கு வைத்ததும் கஜட்டு அறிவிப்புகள். அந்த மனைகளை வாங்கியவர்கள் கிரமமாகப் பணம் கொடுத்துப் பத்திரம் பதிந்துகொண்டவர்கள்.

வெள்ளையரைப் பற்றி இவ்வளவு சொன்னவன், அங்கே வாழ்ந்த நம்மவரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதி உண்மையாகிவிடும். 1860 முதல் 1911 வரையில் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலி ஒப்பந்தத்தில் போன சுமார் 1,52,000 பேரில் பெரும்பகுதியினர் சென்னையில் கப்பலேறியவர்கள். அவர்கள் பட்ட துன்பமும், தில்லையாடி வள்ளியம்மை போன்றவர்கள் செய்த தியாகமும் நமக்குப் பாடப் புத்தகத்திலேயே உண்டு. பாடப் புத்தகத்தில் இல்லாத ஒன்று டர்பன் தபாலாபீஸின் வாசல். அங்கே இரண்டு வாசல்கள் இருந்தன: ஒன்று ஐரோப்பியருக்கு, மற்றொன்று ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் பொதுவாக. புதிதாகப் பிறந்த நேட்டால் இந்தியக் காங்கிரஸின் காரியதரிசியாக இருந்த 25 வயது வக்கீல் காந்தி இந்த அவமானத்தைப் போக்க விண்ணப்பம் செய்தார், விண்ணப்பம் பலித்தது, மூன்றாவது வாசல் ஒன்று அமைந்தது. 1895-ஆம் வருஷத்து அறிக்கையில் காங்கிரஸ் இதை ஒரு சாதனையாகக் குறித்திருக்கிறது. வாசலே பிரிக்கப்படலாகாது என்று கேட்கவேண்டிய இடத்தில், எங்களை அவர்களோடு சேர்க்காதே என்று கேட்டார்கள். காந்தி அந்த இடத்திலிருந்து பிற்காலத்தில் வெகுதூரம் நடந்துபோனார் என்பது உண்மை. அந்த மூன்றாவது வாசலோ நெடுங்காலம் மூடப்படவில்லை.

இன ஒதுக்கலின் நுட்பமே இதுதான். எல்லோரையும் சமமாக மிதித்தால் எல்லோரும் சேர்ந்து எழுவார்கள். ஒருவருக்கு ஒரு படி, மற்றவருக்கு அரைப் படி என்று வைத்தால் அரைப் படியில் நிற்பவன் கீழே நிற்பவனைப் பார்த்தே ஆறுதலடைவான். 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கர்கள் இந்தியர்களின் வீடுகளையும் கடைகளையும் தாக்கியதிலும், அதை ஒட்டிப் போலீசார் சுட்டதிலும் 142 பேர் மாண்டார்கள். இறந்தவர்களில் அதிகம் பேர் ஆப்பிரிக்கர்கள். டர்பனின் கேட்டோ மேனரில் இந்தியரிடம் குடிசைக்கு வாடகை கொடுத்தும், இந்தியரின் கடையில் சாமான் வாங்கியும், இந்தியரின் பஸ்ஸில் போயும் வாழ்ந்தவர்களுக்கு, தங்களை நசுக்கிய அரசாங்கம் எட்டாத உயரத்தில் இருந்தது, அடுத்த படியிலிருந்தவன் எட்டினான். அதற்கு இரண்டு வருஷத்துக்கு முந்திதான், இந்தியத் தலைவர்களான டாக்டர் மான்டி நாயக்கரும் டாக்டர் யூசுஃப் தாதுவும் ஆப்பிரிக்கத் தலைவர் டாக்டர் ஸூமாவோடு சேர்ந்து, இனிமேல் ஒரே போராட்டம் என்று உடன்படிக்கை செய்திருந்தார்கள். தலைவர்கள் கைகோத்த வேகத்துக்கு ஜனங்களுடைய மனம் ஈடுகொடுக்கவில்லை. ஆயினும் அந்த உடன்படிக்கை வீண்போகவுமில்லை. காந்தியோடு சிறை சென்ற தம்பி நாயுடுவின் பேரன் இந்திரேஸ் நாயுடு, ஆப்பிரிக்கத் தோழர்களோடு பத்து வருஷம் ராபன் தீவில் கல்லுடைத்தார்.

1984-ல் போத்தா அரசாங்கம், ஆப்பிரிக்கரை வெளியே நிறுத்திவிட்டு, வெள்ளையர், கலப்பினத்தார், இந்தியர் ஆகியோருக்குத் தனித்தனி அவைகள் கொண்ட மூன்றறைப் பாராளுமன்றத்தை ஏற்படுத்தி, இந்தியருக்கு அதில் ஓர் அறையை அளித்தது. தபாலாபீஸின் மூன்றாவது வாசல் இப்போது சலவைக்கல்லில் கட்டப்பட்டிருந்தது. இந்த முறை நம்மவர் ஏமாறவில்லை. இன ஒதுக்கலை எதிர்த்த ஐக்கிய ஜனநாயக முன்னணியின் பகிஷ்கார அழைப்பை ஏற்று, பதிவு செய்த இந்திய வாக்காளரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரே வோட்டுப் போட்டார்கள். டர்பனுக்குத் தெற்கே, ஆப்பிரிக்கர் குடியிருப்புக்கும் வெள்ளையர் பகுதிக்கும் நடுவே வேலி போல 1960-களில் சர்க்கார் உண்டாக்கிய சாட்ஸ்வொர்த்திலேயே பகிஷ்காரக் கூட்டங்கள் நடந்தன.

பத்து வருஷம் கழித்து, 1994 ஏப்ரலில், முதன்முறையாக எல்லோரும் ஒரே வரிசையில் நின்று வோட்டளித்தபோது, அதே இந்தியரில் பெரும்பாலோர் தேசியக் கட்சிக்கு வோட்டளித்தார்கள் என்பது அந்தத் தேர்தலை ஆராய்ந்தவர்களின் கணிப்பு. தங்களை நிலத்திலிருந்து பெயர்த்துச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய் வைத்த கட்சி அது. 1990 முதல் எல்லா இனத்தாரையும் சேர்த்துக்கொள்வதாக அறிவித்திருந்தது. உத்தியோகம் போய்விடுமோ, கடை போய்விடுமோ, 1949 திரும்பிவிடுமோ என்ற பயம் அவர்களைப் பிடித்திருந்தது. அந்தத் தேர்தலின் முடிவில் அமைந்த மண்டேலாவின் மந்திரிசபையிலே இந்திய வம்சத்தவரான மாக் மகாராஜும் ஜெய் நாயுடுவும் காதர் அஸ்மாலும் டுல்லா உமரும் இடம்பெற்றார்கள். அந்த நால்வரும் நின்ற கட்சியை அவர்களுடைய சொந்தச் சமூகத்தின் பெரும்பகுதி நிராகரித்திருந்தது.